மைதாவின் நாலாம் ஈத்து

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கோவளத்தில் இருப்பவனுக்குச் சத்தியம் செய்வதில் ஒரு வசதி உண்டு. அம்மன் கோவில், மாதா கோவில், தர்கா மூன்றும் வாயில் போட்ட வெற்றிலை தீர்வதற்குள் சுற்றி வருகிற தூரம். மூன்றிலும் நின்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒருவராவது நம்பியிருப்பார்கள்.

என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாசாமி வீடு. கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் பெண்சாதி பேர் வேண்டா. தையூர்ப் பக்கம் நெல் போட்ட குடும்பத்தில் நாலாவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரியப்படுத்த அந்தப் பேரை வைத்தார்கள். சாமிக்குப் போய்ச் சேரவில்லை, அடுத்ததும் பெண்தான். அதற்கு விஜயகுமாரி என்று ஆசையாகப் பேர் வைத்தார்கள். கோபமெல்லாம் வேண்டாவோடு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒன்று தேவையில்லை என்றால் 'வாணாம்' என்போம். பஸ்ஸில், கறிக்கடையில், கல்யாணப் பந்தியில் எங்கே போனாலும் வாணாம்தான். வேண்டா என்று எவனும் சொல்வதில்லை. அதனால் அந்தச் சொல் எங்கள் தெருவில் ஒரு பேராக மட்டுமே புழங்கியது. அதற்கு ஓர் அர்த்தம் இருப்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

வேண்டாவுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நர்ஸ் வாசலுக்கு வந்து "வேண்டா! வேண்டா யாரும்மா?" என்று கூப்பிட, வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்களாம். வேண்டாவும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டே எழுந்து போனாளாம். அப்படிப்பட்ட சுபாவம்.

அந்த வீட்டுக்குத்தான் மைதா வந்தது. கேளம்பாக்கம் அடுக்குமாடியில் இருக்கிற ஜெபகுமார் என்ற ஐ.டி. கம்பெனிக்காரர் அப்பாசாமியின் வாடிக்கை. அவர் வீட்டில் பர்ஷியன் பூனைகள் பெருகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வர, ஒரு பெட்டைக் குட்டியை அப்பாசாமியின் மடியில் வைத்துவிட்டார். மூக்கு சப்பை, வால் ஒரு விளக்குமாறு, உடம்பு மைதா மாவைக் கொட்டி வைத்த மாதிரி. அது மாடியில் வெயில் காய்ந்தால் ஈ.சி.ஆர். ரோட்டில் போகிற கார்கள் பதிலுக்கு விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டுப் போகும். உதிர்ந்த முடியைச் சேர்த்து வேண்டா ஒரு தலையணை தைத்தாள். அதில் படுத்த முதல் நாளே அப்பாசாமிக்குக் கனவில் எலி வந்தது. அவன் துரத்திக்கொண்டு போய்ப் பிடித்தும் விட்டான். காலையில் வாயைக் கொப்பளித்தபடி நின்றதை நானே பார்த்தேன்.

மைதா முதல் தடவை சினையானபோது வேண்டா ஒரு கண்ணாடி வளையல் வாங்கி அதன் கூடைக் கைப்பிடியில் மாட்டிவிட்டாள். அந்த வீட்டுக்கு வளையல்காரர் வந்தது அப்போதுதான். குட்டி போட்ட அன்று அப்பாசாமி சுவருக்கு மேலே கையை நீட்டி நாலு விரலைக் காட்டினான். நாலும் ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளுக்குப் போயின. இரண்டாவது ஈத்தில் அந்தக் கை இரண்டு விரலைக் காட்டியது. மூன்றாவதில் ஒற்றை விரல். அதையும் அவன் அரைகுறையாக மடக்கிக் காட்டினான்.

அந்த ஒற்றைக் குட்டியைப் பார்க்கத்தான் திருப்போரூரிலிருந்து ஞானம்பாள் வந்தாள். அப்பாசாமியின் அக்காள். கையில் முருங்கைக்காய்க் கட்டு. வேண்டா கிணற்றடியில் மத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். பங்குனி வெயில். உப்பளத்துப் பக்கமிருந்து காற்று வராமல் நின்றுபோன நேரம்.

"இன்னாடா இது, ஒண்ணே ஒண்ணா?" என்றாள் ஞானம்பாள்.

"ஒண்ணுதான்க்கா" என்றான் அப்பாசாமி.

"மொதல்ல நாலு. அப்பால ரெண்டு. இப்ப ஒண்ணு. அடுத்த வாட்டி காத்துதான் வரும்."

"வெயிலுக்கா. இந்த ஜாதிக்கு வெயிலு ஆவாதாம்."

"திருப்போரூர்ல இன்னா, பனியா பேஞ்சிக்கினு கீது? எங்க வூட்டாண்ட தெருப்பூன ஆறு போட்டுக்கீது. ஒரு வா சோறு வெக்க ஆளில்ல. ஆறு!"

"அது தெருப்பூனக்கா."

"அதான் சொல்றேன். தெருப்பூனய யாரு கூப்புடறா? யாருமில்ல. இங்க நீ இன்னா பண்ற? காலீல எந்திரிச்சா வேண்டா. நாஸ்தா துன்ன ஒக்காந்தா வேண்டா. ஆட்டோ சாவியக் காணோம்னா வேண்டா. பூனைக்குக் காது இல்லியா? உள்ளார கீற குட்டிக்குக் காது இல்லியா? நாள் முழுக்க வேண்டா வேண்டான்னா அது இன்னா பண்ணும்? வந்த வழியே திரும்பிப் பூடும்."

வேண்டாவின் கை நின்றது. பிறகு சிரித்தாள். "அண்ணி, எனுக்கு இந்தப் பேர வெச்சும் அடுத்தது பொண்ணாத்தான் பொறந்துச்சி. இந்தப் பேரு வேல செய்யாத பேரு."

"அப்ப செய்யல. லேட்டா செய்யிது. உனுக்கு ரெண்டு வாட்டி நிக்காம போச்சே, அது இன்னாவாம்?"

கிணற்றடியில் காகம் ஒன்று மீன் குடலைக் கொத்திக்கொண்டு போயிற்று. வேண்டா அதை விரட்டவில்லை. முழங்கை வரைக்கும் செதில் ஒட்டியிருந்தது.

"அக்கா, உடு" என்றான் அப்பாசாமி.

"இன்னாத்த உடு? பேர மாத்து. குட்டி போடற வரிக்கும் மாத்தி வெய்யி. அடுத்த வாட்டியும் ஒண்ணுதான்னா, பூனைய நான் தூக்கிக்கினு பூடுவேன். எங்க வூட்ல அது நல்லா போடும்."

"இன்னான்னு கூப்புடறது?"

"வேணும்னு கூப்புடு."

"தெருவுல நின்னுக்கினு வேணும் வேணும்னு கத்துனா ஜனம் இன்னா நெனைக்கும்? பொண்டாட்டியத்தான் கூப்புடறான்னு எவன் நம்புவான்?"

"சரி, வேணின்னு கூப்புடு. அதுல வேணும் பாதி கீது."

வேண்டா ஒரு மத்தியைப் பிளந்து, குடலை எடுத்து, தண்ணீரில் அலசிச் சட்டியில் போட்டாள். "எம் பேர நானா வெச்சிக்கினேன்?" என்றாள். சட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் வேணி.

அவள் அகப்பட்டுக்கொண்ட இடம் இதுதான். அடுத்த தடவையும் குட்டி குறைந்தால் மைதா திருப்போரூருக்குப் போய்விடும். குட்டி நிறைய வந்தாலோ, பேரை மாற்றியதால் வந்தது என்றாகிவிடும். அப்படியானால் நிற்காமல் போன அந்த இரண்டையும் துரத்தியது அவள் பேர்தான் என்றும் ஆகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிற வீடு. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தன் பேரைக் கேட்ட பிறகும் குட்டிகள் தங்க வேண்டும்.

கேளம்பாக்கத்தில் புதிதாக ஒரு பெண் டாக்டர் பிராணிகளுக்குக் கிளினிக் போட்டிருந்தார். ஸ்ரீதேவி என்று பேர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், வீட்டுக்காரருக்கு இங்கே கம்பெனி வேலை. மைதாவைக் கூடையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள். டாக்டர் மைதாவை மேசைமேல் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஆணோட எவ்வளவு நேரம் விட்டீங்க?"

"ஒரு ட்ரிப்பு டாக்டர்" என்றான் அப்பாசாமி.

"ட்ரிப்பா?"

"ஆட்டோவ கீய வெயிட்டிங்ல போட்டுட்டு மேல தூக்கிக்கினு போனேன். காரியம் முடிஞ்சிது. தூக்கிக்கினு வந்துட்டேன். பேசஞ்சருங்க கத்துறாங்கோ இல்ல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அண்ணே, பூனைக்கு ஆணோட சேர்ந்த பிறகுதான் முட்டையே இறங்கும், கேட்டீங்களா. ஒரு தடவ சேர்ந்தா பல நேரம் குறைவாத்தான் இறங்கும், இல்லன்னா ஒண்ணுமே இறங்காது. ரெண்டு மூணு நாள் கூட விடணும். அதுகளா பல தடவ சேரட்டு. நீங்க ஆட்டோ கொண்டு போய் நிக்க வேண்டா."

"இன்னா டாக்டர்?" என்றாள் வேண்டா.

"ஆட்டோ கொண்டு போய் நிக்க வேண்டான்னேன்."

"சொல்லுங்க டாக்டர்."

அப்பாசாமி அவள் காலை மிதித்தான். "இவ பேரு வேணி டாக்டர்" என்றான், யாரும் கேட்காமலே.

"சரி வேணி, என்ன குடுக்கீங்க இதுக்கு?"

"தயிர்சோறு, மத்தி. அப்பப்ப பட்டர் பிஸ்கோத்து."

"அதான் இப்படி உருண்டு கிடக்கு. கொழுத்த பெட்டைக்குக் குட்டி தங்காது. தயிர்சோறு வேண்டா. பிஸ்கட் வேண்டா."

ஒவ்வொரு வேண்டாவுக்கும் அவள் தலை நிமிர்ந்து நிமிர்ந்து தாழ்ந்தது. டாக்டர் அதைக் கவனமாகக் கேட்கிற பெண் என்று எடுத்துக்கொண்டார்.

"ஆண் யாருக்க வீட்டுது?"

"வாங்குன வூட்டுதுதான் டாக்டர். இதும் அதும் கூடப் பொறந்ததுங்கோ. வெளில போனா ஜாதி கெட்டுப் பூடும்னு எங்க ஆளுங்க சொன்னாங்கோ."

"கூடப் பொறந்ததா! மூணு தடவையுமா?" டாக்டர் கையுறையைக் கழற்றினார். "ஒரே ரத்தம் சேர்ந்தா குட்டி குறையத்தானே செய்யும். உள்ளேயே கரைஞ்சு போயிரும். அதுக்கு மேல இது தலை பெருத்த இனம், எட்டும் பத்தும் போடாது, பிரசவமும் லேசுப்பட்டதில்ல. வயசும் ஏறுது. என்னைக் கேட்டா, இன்னொரு ஈத்தே வேண்டா."

"சொல்லுங்க டாக்டர்" என்றாள் வேண்டா.

அவளுக்குத் தன் பேர்தான் கேட்டது. டாக்டர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, இந்த ஒரு தடவைதான், இதற்குப் பிறகு ஆபரேஷன் செய்து நிறுத்திவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வருகிற வழியில் அப்பாசாமி ஆட்டோவை உப்பளத்தோரம் நிறுத்தினான். "கேட்டியா வேணி? பேரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நாந்தான். ஒரு ட்ரிப்புல முடிச்சிட்டேன். பூனையும் எத்தினின்னுதான் போடும்?"

"அப்ப எம் பேரக் கூப்புடு."

அவன் ஹேண்டில்பாரைத் துடைத்தான். "குட்டி போடட்டும். அக்கா வாய எவன் மூடறது?"

வேண்டா வேலையில் இறங்கினாள். தயிர்சோறு நின்றது. கோழியை உப்பில்லாமல் வேகவைத்து, எலும்பு எடுத்து, உதிர்த்து வைத்தாள். விடிந்ததும் மைதாவின் கழுத்தில் நைலான் கயிற்றைக் கட்டிக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போனாள். பர்ஷியன் பூனை நடக்காது, உட்கார்ந்துகொள்ளும். இவள் இழுக்க, அது மணலில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வரும். படகு தள்ளுகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து ஆமை ஏறியிருக்கிறது என்று முட்டை தேடினார்கள். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு நாள் மைதா சோம்பல் முறிக்கக் காலைத் தூக்க, ஏலக்காரர் ஒரு கூடை சங்கராவை அதன் பேரில் முடித்துவிட்டார். அதையும் அப்பாசாமிதான் தூக்கி வந்தான். நான் அதில் குழம்பு சாப்பிட்டேன், ஆகையால் அது பொய்யாக இருக்க வழியில்லை.

உடம்பு இறங்கியதும் முட்டுக்காட்டில் ஜாக்குலின் டீச்சர் வீட்டுக் கடுவன் பூனையிடம் கொண்டுபோய் விட்டார்கள். பழுப்பு நிறம், வேறு ரத்தம். மூன்று நாள். ஆட்டோ வாசலில் நிற்கவில்லை. ஆனால் அப்பாசாமி சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தெரு வழியாகவே போய் வந்துகொண்டிருந்தான். போட் ஹவுஸுக்குப் போக ஏறியவர்களெல்லாம் ஜாக்குலின் டீச்சர் வீட்டைச் சுற்றிக் காட்டப்பட்டார்கள்.

மைதாவுக்குச் சினை பிடித்தது. டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, உயிர் இருக்கிறது, கடைசியில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை என்று எண்ணிவிடலாம் என்றார். ஞானம்பாள் போனில் கத்தினாள். "உள்ளார கீறத எண்ணுவாங்களா? எண்ணுனா கொறஞ்சிடும். அந்த டாக்டரம்மாக்குப் பெரியவங்க யாரும் இல்லியா?" எக்ஸ்ரே எடுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் வேண்டாவும் நாத்தி பக்கம் நின்றாள். எண்ணிவிட்டால் அப்புறம் எதிர்பார்க்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

மைதா இருந்தது பின்கட்டு அறையில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை; அதன் மேல் தென்னங்கீற்றைப் பரப்பித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். மத்தியானம் அப்பாசாமி சவாரி போனதும் கதவைச் சாத்திக்கொள்வாள். மைதா மல்லாந்து கிடக்கும். அந்த வயிற்றில், முடி விலகி இளஞ்சிவப்பாகத் தெரிகிற இடத்தில் வாயை வைத்துப் பேசுவாள்.

"நாந்தாண்டி. வேண்டா வந்துகீறேன். கேக்குதா? எம் பேரு வேண்டா. வேணியெல்லாம் இல்ல, அது உங்க அத்த வெச்ச பேரு. வேண்டா. நல்லா கேட்டுக்குங்கோ. கேட்டுக்கினு, இருக்கிறதுன்னா இருங்கோ. உங்கள ஏமாத்தக் கூடாதில்ல."

பிறகு வயிற்றில் காதை வைப்பாள். தினமும். ஒரு நாள் ஏதோ ஒன்று அவள் கன்னத்தில் உதைத்தது. அன்று மத்தியானம் அவள் வெளியே வந்து, வெயிலில் நின்று, எதற்கென்று தெரியாமல் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

கார்த்திகை வந்தது. மழை பிடித்துக்கொண்டது. கடலுக்கு யாரும் போகவில்லை. கேளம்பாக்கம் ரோட்டில் இரண்டு பக்கமும் உப்பளம் மூழ்கி, கழிமுகத்துத் தண்ணீர் ரோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அப்படி ஒரு காலையில் மைதாவுக்கு வலி கண்டது. கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது, படுத்தது, முக்கியது. ஒன்றும் வரவில்லை. நாஸ்தா வேளை போனது. மறுபடி முக்கியது. பச்சையாகக் கொஞ்சம் நீர் கசிந்தது, அவ்வளவுதான். மைதா வேண்டாவின் புறங்கையை நக்கிக்கொண்டே இருந்தது, தன் குட்டியை நக்குகிற மாதிரி.

அப்பாசாமி வாசல் கூரைக்கு அடியில் நின்று டாக்டருக்குப் போன் போட்டான். போனில் காதில் வைக்கிற இடம் கெட்டுப்போய் வெகு நாளாகிறது; ஸ்பீக்கரில்தான் பேசுவான். மேலே தகரத்தில் மழை.

"பச்சைத் தண்ணி வந்தாச்சா?" என்றார் டாக்டர். "அப்ப குட்டி குறுக்க நிக்குது. வயித்தத் திறந்துதான் எடுக்கணும். பாருங்கண்ணே, திருப்போரூர்ப் பக்கம் ஒரு மாடு கன்னு போட முடியாமக் கிடக்கு, வண்டியோட வந்து நிக்காங்க. நீங்க வாறதுன்னா நான் போகாம இருப்பேன். உடனே சொல்லுங்க. ஆபரேஷன் வேணுமா, வேண்டாவா?"

அவன் அங்கேயே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மைதா அவளுடையது. அதன் வயிற்றைக் கிழிப்பதற்கு அவளைக் கேட்காமல் தலையாட்ட அவனுக்கு மனம் வரவில்லை. இத்தனை மாதம் நாக்கைக் கட்டி வைத்திருந்தவன், அந்தப் பதற்றத்தில், போனைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான்.

"வேண்டா! வேண்டா! ஏ வேண்டா!"

"சரி, சரி" என்றது போன். நின்றுவிட்டது.

டவர் போய்விட்டது என்று அவன் நினைத்தான். மழை நாளில் எங்களுக்கு டவர் போவது வழக்கம்தானே.

வேண்டா ஓடி வந்தாள். அவன் தன்னை எந்தப் பேரால் கூப்பிட்டான் என்பது அவளுக்கும் உறைக்கவில்லை. "இன்னாய்யா சொன்னாங்கோ?"

"ஆபரேசன் பண்ணணுமாம்."

"பண்ணச் சொல்லு."

"லைன் பூட்ச்சி."

"பூட்டா போவுது. வண்டிய எடு. நேர்ல போய் நிப்போம்."

ஷேர் ஆட்டோவுக்குப் பின்சீட்டில் அவள் ஒருத்திதான். மடியில் கூடை, கூடைமேல் அவள் முந்தானை, அதற்குமேல் ஆட்டோவின் படுதா. உப்பளத்து ரோட்டில் தண்ணீர் இஞ்சினைத் தொட்டது. அப்பாசாமி இறங்கித் தள்ளினான். எதிரே வந்த பால் வண்டிக்காரனும் கூடத் தள்ளினான். கை காட்டிய சனங்களை விட்டுவிட்டு அவன் போனது அந்த ஒரு நாள்தான்.

கிளினிக் ஷட்டர் இறங்கியிருந்தது.

போன் போட்டார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டிய கை அந்த நேரம் ஒரு மாட்டின் வயிற்றுக்குள் இருந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் "வருவாங்கம்மா, ஒக்காருங்க" என்று ஒரு ஸ்டூலைப் போட்டார். வேண்டா ஸ்டூலில் உட்காரவில்லை. ஷட்டரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து கூடையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.

"ஒரு வாய் தண்ணி குடிக்கிதா பாரு" என்றான் அப்பாசாமி.

"குடிக்கல."

"மூச்சு வுடுதா?"

"வுடுது."

கொஞ்ச நேரம் போனதும் மறுபடி கேட்டான். "வுடுதா?"

"வுடுதுய்யா. சும்மா சும்மா கேக்காத."

மூன்றாவது தடவை அவன் கேட்டபோது அவள் மைதாவின் கண்ணை விரலால் மூடினாள். மைதாவின் முடியை மழை நனைத்திருந்தது. நனைந்தால் பர்ஷியன் பூனை பாதியாகிவிடும். அத்தனை வெள்ளையும் வெறும் முடிதான். வயிறு மட்டும் அப்படியே இருந்தது.

மத்தியானம் டாக்டர் வந்து இறங்கினார். முழங்கை வரைக்கும் மாட்டின் ரத்தம் காய்ந்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இங்க எதுக்கு வந்தீங்க? வேண்டான்னு சொன்னீங்களே!"

"நானா?" என்றான் அப்பாசாமி.

"மூணு தடவ சொன்னீங்க. வேண்டா, வேண்டான்னு. அதுக்குப் பெறவுதானே நான் மாட்டுக்குப் போனேன்."

அப்பாசாமி வாயைத் திறந்தான். தரையில் உட்கார்ந்திருந்தவளைக் கையால் காட்டினான். "அது... இவ பேரு டாக்டர்."

"இவங்க வேணியில்லா?"

டாக்டர் பையைக் கீழே வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாகர்கோவிலில் அது எத்தனை சாதாரணமான சொல். சாயா குடிக்கிறாயா என்றால் வேண்டா. குடை எடுக்கிறாயா என்றால் வேண்டா. அந்தச் சொல்லுக்கு ஒரு பெண்ணின் முகம் இருக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

"ஒண்ணாவது உசுரோட இருக்கான்னு பாக்கேன்" என்று சொல்லி, கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளைத் துண்டில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு வந்து கூப்பிட்டார். முதல் குட்டி குறுக்கே நின்று வழியை அடைத்திருக்கிறது. பின்னால் இருந்தவையெல்லாம் காத்திருந்து காத்திருந்து போய்விட்டன.

"எத்தினி டாக்டர்?" என்றாள் வேண்டா.

"அஞ்சு."

"அஞ்சா?"

"ஆமாம்மா. எல்லாம் முழுசா வளர்ந்தது. இந்த இனத்துல அஞ்சு வர்றது அபூர்வம்."

வேண்டா ஒவ்வொன்றையும் ஒரு விரலால் தொட்டாள். இரண்டு வெள்ளை. மூன்று பழுப்பு. கடைசிக் குட்டியின் காது ஈரத்தில் மடிந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் மெல்ல நிமிர்த்திவிட்டாள். "அஞ்சு இருந்துக்கீது பாத்தியாய்யா" என்றாள் புருஷனிடம். அவன் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். அவள் முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. சத்தியமாக வந்தது. வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தபோதுதான் துண்டின் மேல் கவிழ்ந்தாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஞானம்பாள் வந்தாள். மைதாவையும் குட்டிகளையும் கொல்லையில் புதைத்த ஈர மண்ணைப் பார்த்து உண்மையாகவே கண்ணீர் விட்டாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுத் தம்பியிடம் சொன்னாள்.

"நான் சொன்னேனா இல்லியா? பேர மாத்துனதும் அஞ்சு வந்துச்சி. வாய் தவறி ஒரே ஒரு வாட்டி அந்தப் பேர சொன்ன. அஞ்சும் பூட்ச்சி. இப்பனாச்சும் நம்புறியா?"

அப்பாசாமி தலையைக் குனிந்துகொண்டான். கணக்கு அவனுக்கும் சரியாகத்தான் பட்டது.

வேண்டா தேநீர் கொண்டுவந்து நாத்தி கையில் கொடுத்தாள். அவள் வாயைத் திறந்திருக்கலாம். தினம் தினம் நான் என் பேரைச் சொன்னேன் அண்ணி, சொல்லியும் ஐந்தும் தங்கின என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? அப்ப நீதானா கொன்னது என்பாள் ஞானம்பாள். அப்பாசாமி அவளை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பிறகு அந்த வீட்டில் சோறு இறங்காது. ஐந்து என்ற அந்த ஒரு சொல்தான் அவள் கையில் மிச்சம் இருந்தது. அதையும் நாத்தி வாங்கிக்கொண்டு திருப்போரூர் பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு அப்பாசாமி பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேண்டா என்று சொல்ல வாய் வரவில்லை. வேணி என்று சொல்லவும் வரவில்லை. சவாரி முடிந்து வந்தால் வாசலில் நின்று ஆட்டோ ஹாரனை அடிக்கிறான். அவள் வந்து கதவைத் திறக்கிறாள். சாவி காணாமல் போனால் தானே தேடிக்கொள்கிறான். டாக்டர் ஒரு நாள் தன் ஸ்கூட்டரில் வீடு தேடி வந்தார். வாசலில் நின்று, கூப்பிடப் பேர் தெரியாமல், கதவைத் தட்டிவிட்டு நின்றார். வேண்டா அவருக்கு மோர் கொடுத்தாள். போகும்போது டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

மத்தியானத்தில், அப்பாசாமி இல்லாத நேரம், வேண்டா என் வீட்டுப் பின்படிக்கு வருவாள். முறத்தில் நெத்திலி இருக்கும். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக்கொண்டே, குனிந்தபடி பேசிக்கொண்டே இருப்பாள். மூடிய கதவுக்குள் மைதாவின் வயிற்றில் வாய் வைத்துச் சொன்னதை, கன்னத்தில் உதைத்ததை, ஷட்டரடியில் மைதாவின் மூச்சு எப்படி நின்றது என்பதை, நிற்காமல் போன முதல் இரண்டுக்கும் அவள் மனசுக்குள் வைத்திருந்த பேர்களை, எல்லாவற்றையும். கட்டினவனுக்குத் தெரியாது, கூடப் பிறந்த விஜயகுமாரிக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டுவேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முறத்தைத் தட்டிவிட்டு எழுந்து போவாள்.

இந்தத் தெருவில் இத்தனை பேர் இருக்க, என்னிடம் மட்டும் அவள் மனசைக் கொட்டியதற்குக் காரணம் உண்டு.

சுனாமி வந்த வருஷத்திலிருந்து எனக்கு இரண்டு காதும் கேட்காது.